பள்ளிக்கு ஏற்ற இயங்குதளம்

திருவண்ணாமலை என்றதும் பலர் நெஞ்சில் தோன்றுவது கார்த்திகைத் தீபத்தால் புகழ்பெற்ற வடபுலத்துப் பெருநகரே. விருதுநகர் மாவட்டத்திலும் அப்பெயருடைய ஊர் ஒன்று உண்டு. அது திருவில்லிபுத்தூரை அடுத்துள்ள சிற்றூர். அங்குள்ள குன்றின்மீது சீனிவாசப் பெருமாள் கோயில் அமைந்துள்ளது. அதனைத் தென்திருப்பதி என்றும் வழங்குவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவில்லிபுத்தூரிலிருந்தும் இராசபாளையத்திலிருந்தும் மக்கள் திரள்திரளாக வந்து அக்குன்றின்மீது ஏறுவர்.

அத்தகைய நாளொன்றில் இராசபாளையத்து மாணவன் ஒருவனும் திருவில்லிபுத்தூர் மாணவன் ஒருவனும் அடிவாரத்தில் சந்திக்கின்றனர் எனக் கொள்க. இருவரும் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்பவர். பேச்சு கணினியைப் பற்றித் திரும்புகின்றது. “விண்டோஸே சிறந்தது” என்கின்றான் இராசபாளையத்தான். “லினக்ஸே சிறந்தது” என்கின்றான் மற்றவன். படிகள் முடிந்தும் வாதம் முடியவில்லை. இவ்வாதம் அவ்விருவர்க்கு மட்டும் உரியதன்று. அரசுகளும் அறிஞர்களும் பல்லாண்டுகளாக நடத்திவருவதே. பொதுமக்கள் பணத்தில் பள்ளிக்கு வாங்கும் கணினியில் எதனை அமைத்தல் வேண்டும் என்னும் வினா இதனுள் அடங்கியிருத்தலின், இதனை ஆராய்தல் நலம்.

முதற்கண் இயங்குதளம் என்பது யாது என அறிதல் வேண்டும். இராசபாளையம் நூற்பாலைகள் மிக்க ஊர். ஓர் ஆலையில் கதிர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பினும், எந்தப் பொறிக்கு எவ்வளவு பஞ்சு, எவ்வேளையில் எவர்க்கு எப்பணி என்று வகுப்பவர் இல்லையேல் நூல் வெளிவாராது. கணினியும் அத்தகையதே. நினைவகம், திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய பலவற்றையும் ஓர் ஒழுங்கின்கீழ்க் கொண்டுவந்து, பயன்படுத்துவோர் இடும் பணியைச் செய்விக்கும் நிரல்தொகுதியே இயங்குதளம் எனப்படும்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தோற்றுவித்தனர். 1985இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் என்பதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மூலநிரல் அந்நிறுவனத்தின் உடைமை. பிறர் அதனை விருப்பம்போல் திறந்து பார்க்கவோ திருத்தவோ உரிமை இல்லை. இதற்கு மாறாக, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிய இயங்குதளம் ஒன்று வேண்டும் எனக் கருதி, 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு உகந்த கருநிரலை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் கூடியதே லினக்ஸ் என இன்று பொதுவாக வழங்கப்படுவது. அதன் வழியில் நம் நாட்டுச் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியதே பாஸ் லினக்ஸ் ஆகும்.

இனி, இராசபாளையத்து மாணவனின் வாதத்தைக் கேட்போம். “ஆலை அலுவலகங்களிலும் கடைகளிலும் கணக்கு எழுத உதவும் டேலி என்னும் மென்பொருள் விண்டோசுக்கென அமைந்தது. கடைகளில் விற்கும் அச்சுப்பொறி முதலிய கருவிகள் பெரும்பாலும் அதனோடு இடரின்றி இணைகின்றன. பழுது நேர்ந்தால் பக்கத்துத் தெருவிலேயே பார்க்க ஆள் உண்டு. வேலைக்குச் செல்லும் இடத்தில் இருப்பதனைப் பள்ளியில் கற்பதன்றோ முறை?” என்பது அவன் கருத்து. இஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏழை மாணவன் ஒருவன் படிப்பு முடிந்ததும் பணியில் அமர்தல் வேண்டும். அவன் கையில் உதவாத கருவியைக் கொடுத்து, கொள்கை பேசுவதனால் பயனில்லை.

திருவில்லிபுத்தூர் மாணவன் தன் ஊர்ப் பால்கோவாவைச் சான்றாகக் காட்டுகின்றான். பாலையும் சர்க்கரையையும் அகன்ற வாணலியில் இட்டு, விறகடுப்பில் விடாது கிளறிச் சுண்டக் காய்ச்சும் அச்செய்முறையை ஊரார் பலரும் அறிவர். ஒருவர் செய்வதைக் கண்டு மற்றொருவர் கற்றனர். கற்றவர் தம் கைத்திறத்தால் அதனை மேலும் செம்மை செய்தனர். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு பெயரைக் காக்கின்றதேயன்றிச் செய்முறையைப் பூட்டி வைப்பதில்லை. லினக்சும் அவ்வாறே. அப்பெயர் பதிவு பெற்றது. அதன் மூலநிரலோ யாவர்க்கும் திறந்தது.

“உண்பவன் அடுப்படிக்குச் செல்ல வேண்டுவதில்லையே!” என எதிர்வாதி வினவலாம். உண்மை. கடைக்கு வருபவன் உண்பதற்கு வருகின்றான். பள்ளிக்கு வருபவனோ செய்வதற்குக் கற்க வருகின்றான். இவ்வேறுபாட்டினை உணராமையே இவ்வாதம் முடிவு காணாமல் நீள்வதற்குக் காரணம். எது சிறந்தது என்று வினவுவோர், எவர்க்கு, எப்பணிக்கு என்பதனையும் உடன் வினவுதல் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. தொடக்க காலத்தில் வழங்கியவற்றுள் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் அமைந்திருந்தன. ஒரு வீட்டிற்கு இரு வாயில்கள் வைத்தாற் போன்ற ஏற்பாடு அது. எனினும், வாயில் இருந்தால் மட்டும் போதாது. அதன்வழி நடக்கப் பழக்குவாரும் வேண்டும். எடுத்துக் காட்டுவார் இல்லாதவிடத்து, இரண்டாம் வாயில் இருந்தும் இல்லாததே ஆகும்.

அவ்வாயிலின் அருமை காலஞ்செல்லச் செல்லவே புலப்படும். விண்டோஸ் எக்ஸ்பி என்பதற்கு 2014 ஏப்பிரல் 8ஆம் நாளோடும், விண்டோஸ் 7 என்பதற்கு 2020 சனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10 என்பதற்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் அந்நிறுவனம் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்துவந்த விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. பொறி கெடவில்லை, திரை மங்கவில்லை, ஆயினும் பாதுகாப்பின்றி நிற்கின்றது. செல்வர் புதியதொன்று வாங்குவர். கூலி வேலை செய்யும் பெற்றோர் யாது செய்வர்? அப்பழம்பொறியிலும் எளிய லினக்ஸ் வகையொன்று விலையின்றி இயங்கும். லினக்ஸ் பதிப்புகளுக்கும் காலவரையறை உண்டெனினும், அடுத்த பதிப்பினைப் பெற எவர்க்கும் பணம் தரவேண்டுவதில்லை. இது கருதியே போலும், எக்ஸ்பியின் காலம் முடிந்த 2014இல் தமிழ்நாட்டு அரசும் தன் துறைகளைப் பாஸ் லினக்சுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது.

திருவண்ணாமலைக் குன்றிலிருந்து மேற்கே நோக்கினால் மலைத்தொடர் தோன்றும். அதற்கப்பால் உள்ள கேரள மாநிலம் தன் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே கொண்டு கணினிக் கல்வி அளித்துவருகின்றது. அங்கு அம்முயற்சி வேரூன்றியமைக்குக் காரணம் விலையின்மை மட்டுமன்று. ஆசிரியர்க்கு முதலில் முறையான பயிற்சி அளித்தமையே தலையாய காரணம். தமிழ்நாட்டிலும் 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோசையும், லினக்ஸ் வகையாகிய உபுண்டுவையும் அடுத்தடுத்துக் கற்பிக்கின்றது. நூல் இரண்டையும் காட்டுகின்றது. ஆய்வுக்கூடமும் இரண்டையும் காட்டுதல் வேண்டும்.

தமிழ்மொழியின் நலமும் இதில் கலந்துள்ளது. விண்டோஸ் 2000 முதல் அவ்வியங்குதளமும் தமிழெழுத்தை ஏற்றது. அந்நன்றியை மறத்தல் தகாது. ஆனால் அதன் திரையில் ஒரு சொல் பிழையாக இருப்பின், அதனைத் திருத்தும் உரிமை உடையவரிடமே உள்ளது. லினக்சிலோ, தமிழறிந்த தன்னார்வலரே சொற்களை ஆக்கவும் திருத்தவும் கூடும். பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தது எவ்வாறு? ஏடு உடையோர் பிறர் படியெடுக்க இசைந்தமையால் அன்றோ! பெட்டியில் பூட்டப்பட்ட ஏடுகள் பல செல்லுக்கு இரையாயின, படியெடுக்கப்பட்டவை உ.வே. சாமிநாதையர் போன்றார் கைக்கு எட்டி அச்சேறின. படியெடுக்க இசைவது நூலை வாழ்விக்கும், மென்பொருளையும் வாழ்விக்கும்.

ஆகவே, அலுவலகத்தார் தத்தம் பணிக்கு ஏற்றதனைத் தேர்ந்து கொள்க. பள்ளியோ, திறந்து பார்க்கத்தக்க இயங்குதளத்தினை அடிப்படையாகக் கொள்ளுதல் வேண்டும். வேலைக்கு உதவும் பொருட்டு மற்றதனையும் உடன் பயிற்றுதல் வேண்டும். ஒன்றினை ஆழ்ந்து அறிந்தவன் மற்றொன்றினைச் சில நாளில் கற்றுக்கொள்வான். பொத்தானை அழுத்த மட்டும் பழகியவன், பொத்தான் இடம் மாறினும் திகைத்து நிற்பான்.

குன்றிலிருந்து இறங்கும் அவ்விரு மாணவரும் இனி, “உன்னுடையது பெரிதா, என்னுடையது பெரிதா?” என வாதிட வேண்டுவதில்லை. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியை எடுத்துத் துடைத்து, அதன் இரண்டாம் வாயிலைத் திறந்து பார்ப்பாராக. அங்குத் தொடங்குவதே கணினிக் கல்வி.