களைப்புக்குப் பேணி தேவையில்லை

2024 மார்ச்சில் திருகோணமலையைச் சேர்ந்த 13 வயது மாணவர் ஒருவர் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். அந்தத் துணிவைப் பார்த்துப் பிள்ளைகளைக் கடலுக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் அனுப்ப நினைக்கும் பெற்றோர், களைப்புத் தீர எதைக் கொடுப்பது என்றும் யோசிப்பார்கள். சத்துமாப் பேணிகளின் வியாபாரமே அந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது.

மணிக்கணக்கில் நீந்துகிறவரின் தசையில் கிளைக்கோஜன் வற்றிவிடும். அதை நிரப்புவது மாச்சத்து. அன்றைக்கே மறுபடி பயிற்சிக்கு இறங்க வேண்டுமானால், முதல் நான்கு மணிநேரமும் கிலோ எடைக்கு மணிக்கு 1 கிராம் அல்லது சற்றுக் கூட வேண்டும் என்பது விளையாட்டு உணவியலின் கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 50, 60 கிராம். தசை சீராக 20 கிராம் அளவில் புரதம். அது ஒரு நல்ல மீன்துண்டிலேயே இருக்கிறது. சோறும் மீன்குழம்பும் வாழைப்பழமும் தயிரும் போதும். மீன் வந்திறங்கும் துறைமுகத்தில் புரதத்தை மாவாக வாங்குவது வேடிக்கைதான்.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். 2002 பொஸ்ரன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 வீதமானோருக்கு அப்படி இறங்கியிருந்தது. உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நம் வீடுகளில் சும்மா வந்தவையல்ல.

எல்லாப் பேணியும் வீண் என்பதல்ல. கோப்பியில் உள்ள கஃபீன் நெடுந்தூர வீரர்களுக்கு உதவுவது நிரூபணமானது. இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தால் வைத்தியர் தரும் மாத்திரையும் அவசியம்.

ஆனால் பேணிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு லேபிள் உத்தரவாதமல்ல. ஜேர்மனியின் கொலோன் ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 பொருட்களைச் சோதித்தபோது, 94இல் லேபிளில் சொல்லாத ஹோர்மோன் கலப்பு இருந்தது. 2011இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய இந்திய அஞ்சலோட்ட வீராங்கனைகள், பயிற்றுநர் சீனாவில் வாங்கிய ஜின்செங்கைக் காரணம் காட்டினர். இரண்டாண்டுத் தடை விழுந்தது. அதே ஆண்டு நம் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவுக்கு மூன்று மாதத் தடை. தோள்வலிக்கு எடுத்த மூலிகை மருந்தே வினையானது. தெரியாமல் விழுங்கினாலும் உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி.

பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுநர்கள் பேணியைச் சிபாரிசு செய்வதை வலயக் கல்விப் பணிமனைகள் நிறுத்தவேண்டும். நன்றாகத் தூங்கியும் சாப்பிட்டும் களைப்பு வாரக்கணக்கில் விடாவிட்டால், பெற்றோர் போகவேண்டியது கடைக்கல்ல, வைத்தியசாலைக்கு.