கொள்ளுத் தாத்தா எந்த ஊர்?

நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுத் தாத்தாவின் பெயர் தெரியும்? அவர் தமிழகத்தின் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்று தெரியுமா? என் குடும்பம் கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் மூன்று தலைமுறை பால் மரம் வெட்டிய குடும்பம். அந்த ஊரைத் தேடத் தொடங்கிய பிறகுதான் நம்மைப் பற்றிய ஏடுகள் எவ்வளவு குறைவு என்பது புரிந்தது.

ஒப்பந்தக் கூலியாகப் பிஜிக்குப் போனவருக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. தந்தை பெயர், மாவட்டம், கிராமம் எல்லாம் அதில் இருக்கும். மலாயாவில் இந்தியரின் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன் பின் கங்காணிமாரே தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தனர். ஆகவே கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதித் தேடல் முடிந்த மாதிரி.

பத்தாங் பெர்சுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) அருகே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரே தமிழ்! 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் உருவானது. அதை நட்ட பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோக்கோனியே 1930இல் மலாயாவைப் பற்றிய நாவலுக்காகக் கோன்கூர் பரிசு பெற்றார். அவர் வரலாற்றை எந்த நூலகத்திலும் தேடி எடுக்கலாம். அவர் தோட்டத்தில் உழைத்த தமிழரின் வரலாற்றை எங்கே தேடுவது?

நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. பேரன் பிறந்ததும் பாட்டன் பெயர் உதிர்ந்துவிடும். மிஞ்சிய பெயரையும் கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதினார். என் தாத்தா ஒரு தாளில் முனுசாமி, மற்றொன்றில் முனியசாமி. 1942–43இல் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் திரும்பாதவர் பலர். அத்தகைய குடும்பங்களில் கதை சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று.

பாட்டியிடம் ஊரைக் கேட்டேன். "ஊரச் சொன்னா அடுத்து வேற ஒண்ணு கேப்பாங்க" என்றார். அந்த வேறொன்று சாதி. கடல் கடந்தும் விடாத இழிவிலிருந்து பிள்ளைகளைக் காக்கவே நம் பாட்டிமார் பலர் ஊரை மறைத்தார்கள் என்பது என் எண்ணம். அந்த மௌனத்தை மதிக்க வேண்டும். சாதியை யாரிடமும் கேட்க வேண்டாம். குலதெய்வம் எது, அதன் கோயில் எங்கே என்று கேளுங்கள். பல வேளை ஊர் தானாக வெளிவரும். என் பாட்டியும் அப்படித்தான் சொன்னார்.

தோட்டங்கள் கைமாறுகின்றன, லயங்கள் இடிபடுகின்றன. தோட்டக் கோயிலின் உபயதாரர் கல்வெட்டு, இடுகாட்டுக் கல்லறை, தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றை உரியவர்களிடம் அனுமதி பெற்றுப் படியெடுத்து வைக்க நம் பேரவையால் முடியாதா? கலை இரவுக்குக் கொட்டும் உழைப்பில் கால் பங்கு போதும். பருவ விடுமுறையில் ஈஜோக்கில் தொடங்கி புக்கிட் ரோத்தான் வரை போய் வரலாம். ஒரு வேன், இரண்டு ஒலிப்பதிவுக் கருவி, எண்பது வயதைத் தாண்டியவர்களின் பட்டியல். யார் யார் வருகிறீர்கள்?