பேக்ரவுண்ட் மியூசிக்குன்னு சொல்லாதீங்க

போன வாரம் ஆபீஸ் முடிஞ்சு ஓசூர் திரும்பிட்டிருந்தோம். அத்திப்பள்ளியில வழக்கம்போல டிராஃபிக். கார்ல 'ஹவ் டு நேம் இட்?' போட்டேன். பக்கத்து சீட்டு நண்பன், "என்ன மச்சி, வீடு படத்து பேக்ரவுண்ட் மியூசிக்கா?"ன்னான்.

சுர்ருன்னு வந்துச்சு. அவன் சொன்னதுல பாதி நிஜம். 1986-ல வந்த இந்த ஆல்பத்தோட இசையைத்தான் பாலு மகேந்திரா 1988-ல 'வீடு' படத்துல எடுத்துக்கிட்டார். ஆனா இது படத்துக்காகப் பிறந்ததில்லை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் இளையராஜா வச்ச காணிக்கை.

'ஃப்யூஷன்'ன்னு சொல்றதும் எனக்குப் பிடிக்கலை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேளுங்க. துணை வாத்தியமே இல்லாம தனி வயலினுக்காக பாக் எழுதினது அது. கையெழுத்துப் பிரதியில 1720-ன்னு இருக்கு. வி.எஸ். நரசிம்மன் வாசிக்கறார். 266 வருஷம் கழிச்சு ராஜா சுத்திலும் புதுசா எழுதறார். பாக் கரைஞ்சு போகலை, வீட்டுக்கு வந்த விருந்தாளியா உட்கார்ந்திருக்கார். அடுத்த டிராக் பேரே 'அண்ட் வி ஹேட் எ டாக்'!

அமெரிக்காவுல சார்லஸ் ஐவ்ஸ்னு ஒருத்தர். பகல்ல இன்சூரன்ஸ் பிசினஸ், மிச்ச நேரத்துல இசை. எமர்சன், தோரோ மாதிரி ஆட்களை நினைச்சு 'கான்கார்ட்' பியானோ சொனாட்டா எழுதினார். பீத்தோவனோட ஐந்தாவது சிம்பனி ஆரம்பம் அதுல திரும்பத் திரும்ப வரும். அதை விளக்க தனியா ஒரு புத்தகமே போட்டார். 1920-ல சொந்தக் காசுல அச்சடிச்ச சொனாட்டாவை நியூயார்க் மேடையில முழுசா கேட்க 1939 ஆயிடுச்சு.

ராஜாவுக்குப் புத்தகம் தேவைப்படலை, தலைப்புகளே போதும். 'யூ கேனாட் பி ஃப்ரீ', 'இட் இஸ் ஃபிக்ஸ்ட்', 'டோன்ட் கம்பேர்'... கடைசியா 'டூ எனிதிங்'. விதி எழுதியாச்சு, அப்புறமும் எதை வேணா செய்னு சொல்றார். இது பத்து டியூன் இல்லீங்க, ஒரு ஆள் தனக்குள்ள போட்ட வாக்குவாதம். ஷஃபிள்ல போட்டா அது கேட்காது.

காலேஜ் ஹாஸ்டல்ல இதைப் போட்டுட்டுத் தூங்கினவன்தான் நானும். அதனால நண்பனைத் திட்டலை. சில்க் போர்டு தாண்டறதுக்கே முக்கால் மணி நேரம் ஆகுது. அந்த நேரத்துல ஒரு தடவை, வரிசையா, பேசாம கேளுங்க. அப்புறம் சொல்லுங்க, பேக்ரவுண்டா இது?