எவர் சொல்லைச் சான்றாகக் கொள்வது?



பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராயிருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்திற்குத் துறையறிஞர்கள் எழுதினர். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ மாணவரும் எழுதலாம். அங்கே எழுதியவரின் பெயரன்று, அவர் காட்டும் சான்றே கட்டுரையைத் தாங்குகிறது.

விருத்தாசலத்தைப் பற்றி எழுதும் மாணவர் ஒருவர், 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியைக் காண்கிறார் என்று கொள்வோம். நல்ல நூல்தான். ஆயினும் அம்மாவட்டம் 1993-இல் பிரிக்கப்பட்டது. நம் ஊர் இன்று கடலூர் மாவட்டத்தின் பாற்பட்டது. நூல் பொய்க்கவில்லை, அதன் காலத்திற்கு அது மெய். ஆண்டைச் சுட்டாது எடுத்தாளுவதே பிழை. (விருத்தாசலம் என்று தேடினால் புதுமைப்பித்தனும் வந்து நிற்பார். அஃது அவருடைய இயற்பெயர், பிறந்ததோ திருப்பாதிரிப்புலியூரில்!)

இன்னோர் இடரும் உண்டு. சான்றற்ற வரியொன்றைக் களஞ்சியத்தில் ஒருவர் எழுத, அதை நாளிதழ் எடுத்தாள, பின்னர் அந்நாளிதழே அவ்வரிக்குச் சான்றாகிவிடுகிறது. சாட்சிகள் இருவர் போலத் தோன்றினும் உள்ளது ஒன்றே, அதுவும் ஐயத்திற்குரியது.

நமக்கு மிக வருத்தம் தருவது வேறு. நம் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் பிசைந்தோரும், அச்சு வார்த்தோரும், சூளையைக் காத்தோரும் அறிந்தவை எல்லாம் அச்சேறியதில்லை. அவர்தம் வாய்மொழியைக் களஞ்சியம் நேரே ஏற்காது. படிப்பவர் அதைச் சரிபார்க்க இயலாதன்றோ? அதற்காக அதனைக் கைவிடலாமா? அவர்களுடைய ஒப்புதலைப் பெற்று, நாளும் வேலை செய்த ஆண்டுகளும் குறித்துக் கேட்டெழுதி, ஆசிரியர் குழு பார்வையிடும் இதழொன்றில் மாணவர் வெளியிடட்டும். பின்னர் வேறொருவர் அதனை, இன்னார் கூற்று என்று குறித்தே, எடுத்தாளலாம். சூளை வெப்பம் போன்றவற்றை மட்டும் பீங்கான் தொழில்நுட்பப் பாடநூலோடு ஒத்துப் பார்த்துவிடுதல் நலம்.