காப்புரிமையா, உயிர் வாழும் உரிமையா?

கழக்கூட்டம் சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகம். அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தின் வாசலில் மலையாளத்தோடு தமிழும் ஒலிக்கும். குமரி மாவட்டத்து உழைப்பாளிகளும் அங்கேதான் சிகிச்சைக்குச் செல்கின்றனர். நோயைக் கண்டறிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருந்தும் இருக்கிறது. அதன் விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

மார்பகப் புற்றுநோய்க்கான ரிபோசிக்லிப் மருந்துக்கு மாதம் 58,140 ரூபாய் செலவிட வேண்டியிருந்த பெண்மணி ஒருவர், 2022இல் கேரள உயர்நீதிமன்றத்தை நாடினார். ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு லட்சம் ரூபாய்! காப்புரிமை நாவார்ட்டிஸ் நிறுவனத்திடம் இருந்தது. கட்டாய உரிமம் வழங்கி, மலிவு விலையில் மருந்து தயாரிக்க வழிசெய்யுங்கள் என்பதே அவரது கோரிக்கை. தீர்ப்பு வருமுன் அவர் இறந்துவிட்டார். நீதிமன்றம் தானாகவே வழக்கைத் தொடர வேண்டியதாயிற்று.

2024 ஆகஸ்டில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, காருண்யா மருந்தகங்கள் வழியே புற்றுநோய் மருந்துகளை லாபமின்றி விற்கத் தொடங்கியது. பாராட்டத்தக்க நடவடிக்கை. ஆனால் விற்பவரின் லாபத்தைத்தான் மாநில அரசால் கைவிட முடியும். தயாரிக்கும் ஏகபோகத்தின் லாபத்தில் அது கைவைக்க இயலாது. அந்த அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 92, 100ஆம் பிரிவுகள் அதற்காகவே உள்ளன. மோடி அரசோ 2024 பட்ஜெட்டில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்கவரியை நீக்கிவிட்டு, கடமை முடிந்ததாகக் காட்டிக்கொண்டது. வரி போனது, ஏகபோகம் அப்படியே நிற்கிறது.

‘ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா?’ என்று கார்ப்பரேட்டுகளின் வக்கீல்கள் கேட்கிறார்கள். 2012இல் பேயர் நிறுவனத்தின் நெக்ஸவர் மருந்துக்கு நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. மாதம் 2,80,428 ரூபாயாக இருந்த விலை 8,880 ரூபாயானது. பேயருக்கு 6 விழுக்காடு உரிமத்தொகையும் விதிக்கப்பட்டது. எனவே இது பறிமுதல் அல்ல. கொள்ளைக்குப் போட்ட கடிவாளம். இந்தியாவில் வழங்கப்பட்ட ஒரே கட்டாய உரிமமும் அதுதான். அதன்பின் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் கொடுத்த நிர்ப்பந்தமே 3(டி) பிரிவுக்கு வலுச்சேர்த்தது. அதே பிரிவால்தான் 2013இல் உச்சநீதிமன்றத்தில் நாவார்ட்டிஸின் கிளீவெக் வழக்கு தோற்றது. போராடிப் பெற்ற சட்டம் ஏட்டில் உறங்கக் கூடாது. உயிர்காக்கும் புற்றுநோய் மருந்துகளுக்குக் கட்டாய உரிமம் வழங்கு, பொதுத்துறையில் தயாரி, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடு! இந்த முழக்கங்களைத் தெருமுனைகளுக்குக் கொண்டுசெல்வோம். வாய்தா வாங்கிக் காத்திருக்க நோயாளிக்கு நாளில்லை.