காந்தளுக்கு இட்ட பெயரும் கைவிட்ட பெயரும்

தூயதமிழ் என்ற அளவில் முகஞ்சுளிப்போர் ஒரு கூற்றைத் தவறாமல் எடுத்துரைப்பர். அறிவியலுக்கும் மொழித்தூய்மைக்கும் ஒவ்வாது என்பதே அக்கூற்று. நிலைத்திணையியலின் தந்தையென்று அவர்களே போற்றும் சுவீடிய அறிஞர் காரல் இலினேயசின் நூல்களை அவர்கள் புரட்டிப் பார்த்ததில்லை போலும். பேரினப் பெயர்களை வகுத்தவருள் அவரினுங் கடுமையான மொழித்தூய்மையாளரைக் காண்டல் அரிது. அவர் பேணியது இலத்தீனத் தூய்மையும் கிரேக்கத் தூய்மையும் ஆகும். அத்தூய்மைக்காகப் பெயரிழந்த செடிகளுள் ஒன்று தமிழர் குறிஞ்சிநிலத்துக் காந்தள். இன்று உலக நூல்களில் அதன் பெயர் குளோரியோசா.

காந்தள் தமிழர்க்கு நேற்றறிந்த பூவன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களுள் முதற்கண் நிற்பது செங்காந்தளே. தோன்றி, கோடல் என்னும் பெயர்களும் அப்பட்டியலில் வேறாக உள்ளன. பிற்கால நிகண்டுகள் தோன்றியைச் செங்காந்தளென்றும் கோடலை வெண்காந்தளென்றும் உரைக்கும். தொல்காப்பியமோ வெறியாட்டைக் குறிக்குந் துறைக்கே காந்தளெனப் பெயரிட்டது. ஒரு பூவின் பெயர் இலக்கணத்துட் புகுந்து துறைப்பெயராகும் அளவுக்கு அஃது இம்மண்ணில் ஆழ வேரூன்றியிருந்தது. உழவரும் மருத்துவரும் வைத்த பெயர்கள் வேறு. கார்த்திகைத் திங்களையொட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பைபோல் இரண்டாய்க் கவைத்து வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. வடமொழியாளரின் இலாங்கலி என்னும் பெயரும் கலப்பைப் பொருளதே. அதன் அடியான இலாங்கலம் என்பதை நாஞ்சில் என்னுந் தமிழ்ச்சொல்லோடு தொடர்புபடுத்தும் மொழிநூலாரும் உளர். ஆயினும் சித்த மருத்துவ நூல் எழுதுவோர் பலர் கலப்பைக்கிழங்கை விட்டு இலாங்கலியைத் தேடி எடுத்து ஆள்வது என்ன விருப்போ!

ஐரோப்பியர் இச்செடியை எவ்வாறு அறிந்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. செருமானியரான பவுல் எர்மன் என்னும் மருத்துவர் 1672 முதல் ஏழாண்டளவு இலங்கையில் ஒல்லாந்த வணிகக் குழுவின் பணியில் இருந்தார். பின்னர் இலெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அதன் செடித்தோட்டத்தையும் ஆண்டார். 1687-இல் அவர் வெளியிட்ட அத்தோட்ட நூலில் காந்தளுக்கு அவர் தந்த பெயர் 'மெத்தோனிக்கா மலபாரோரும்'. மலபாரருடைய மெத்தோனிக்கா என்பது பொருள். அக்காலத்து ஒல்லாந்தர் மலையாளியரையும் தமிழரையும் பிரித்தறியாது மலபாரர் என்றே சுட்டினர். இலங்கையிலோ அச்சொல் தமிழரையே குறித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1688-இல், கொச்சியில் ஒல்லாந்தர் ஆட்சித் தலைவராயிருந்த வான் இரீடு தொகுப்பித்த மலபார்த் தோட்டம் என்னும் பெருநூலின் ஏழாம் மடலம் வெளிவந்தது. அதில் இதே செடி 'மெந்தோனி' என்னும் பெயருடன் வரையப்பட்டுள்ளது. 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்தாமில் பன்னிரண்டு மடலங்களாக வந்த அந்நூலுக்குச் செடிகளையும் அவற்றின் பெயர்களையும் பயன்களையும் எடுத்துரைத்தவருள் தலையாயவர் ஈழவர் குலத்து மருத்துவர் இட்டி அச்சுதன். நூலின் பெருமை இரீடுக்கு. அறிவு இட்டி அச்சுதனுக்கும் அவர்போன்ற நாட்டு மருத்துவர்க்கும் உரியது.

மெந்தோனி எச்சொல்? மலையாளத்தில் இன்றும் வழங்கும் மேந்தோன்னியே அது. தமிழின் ன்ற என்னும் இணை மலையாளத்தில் ன்ன ஆவதை யாவரும் அறிவர். ஒன்று ஒன்னு ஆகும், மூன்று மூன்னு ஆகும், பன்றி பன்னியாகும். அவ்வாறே தோன்றி தோன்னியாயிற்று. மேல் என்னும் பொருள்தரும் முன்சொல் அதனோடு சேர, மேந்தோன்னி பிறந்தது. இலைநுனியையே பற்றுக்கொடியாகச் சுருட்டிப் புதரையும் வேலியையும் பிடித்தேறி உச்சியில் பூத்து நிற்கும் செடிக்கு அதனினும் பொருந்தும் பெயர் வேறில்லை. குறிஞ்சிப்பாட்டுத் தோன்றி, சேரநாட்டார் நாவில் தோன்னியாகி, ஒல்லாந்தர் எழுத்தில் தோனியாகி, இலத்தீன ஈறு ஏற்று மெத்தோனிக்காவாய் இலெய்டன் நகரில் நின்றது. பிரான்சிய அறிஞர் தூர்னபோரும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பெயரையே ஏற்றாண்டார். ஆக, ஐரோப்பிய அறிவியல் இப்பேரினத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் தமிழடியிற் பிறந்த பெயரேயாகும்.

அதன்பின் வந்தார் இலினேயசு. அவர் இளைஞராய் ஒல்லாந்தில் தங்கியிருந்த காலத்தில், 1737-இல், பெயரிடும் நெறிகளை விரித்து ஒரு நூல் எழுதினார். எர்மன் பணியாற்றிய அதே இலெய்டனில்தான் அந்நூல் அச்சேறியது. கிரேக்கத்திலோ இலத்தீனத்திலோ வேரில்லாத பேரினப் பெயர்கள் தள்ளத்தக்கன என்பது அதன் நெறிகளுள் ஒன்று. பிறமொழிப் பெயர்கள் அவர்க்குக் கல்லாதார் கூச்சல். அவற்றைக் குறிக்க அவர் ஆண்ட இலத்தீனச் சொல்லும் அப்பொருளதே. அந்நெறிப்படி மெத்தோனிக்கா வெளியேற்றப்பட்டுக் குளோரியோசா குடியேறியது. எர்மன் இலங்கையில் தொகுத்த உலர்செடித் தொகுதி தம் கைக்கு எட்டியபின் 1747-இல் இலங்கைச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய நூலிலும், இன்றைய பெயரிடலுக்கு அடிப்படையான 1753-ஆம் ஆண்டு நூலிலும் அதுவே நின்றது. பிந்திய நூலில் இனப்பெயரும் சேர்ந்து குளோரியோசா சூப்பர்பா ஆயிற்று.

இப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்தல் தகும். குளோரியோசா என்றால் புகழ்மிக்கது; தற்பெருமை பேசுவது என்றும் இலத்தீனத்தில் அதற்குப் பொருளுண்டு. சூப்பர்பா என்றால் செம்மாந்தது. இரண்டாவது சொல்லும் புதிதன்று. ஆம்சுடர்தாம் தோட்டச் செடிகளைப் பற்றிக் கொமெலின் எழுதி 1697-இல் வெளிவந்த நூலில், இலங்கைச் செம்மாந்த லில்லி என்று இச்செடி குறிக்கப்பட்டிருந்தது. பெயரடை இரண்டு ஒட்டி நிற்க, செடியின் பற்றுக்கொடியைப் பற்றியோ, பின்னோக்கி மடிந்து தீக்கொழுந்துபோல் நெளியும் இதழைப் பற்றியோ, கலப்பைக் கிழங்கைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இதில் ஒரு நகைப்பும் உண்டு. பெயரடையைப் பேரினப் பெயராக்குவது சிறந்ததன்று என்பதும் இலினேயசு வகுத்த நெறிகளுள் ஒன்று! மெத்தோனிக்காவை விரட்டும் முனைப்பில் தம் நெறியொன்றைக் காக்கத் தம் மற்றொரு நெறியையே அவர் நெகிழவிட்டார்.

அவர் நெறியும் எங்கும் ஒருபடித்தாய் நிற்கவில்லை. ஊமத்தையின் இந்தியப் பெயர், இலத்தீன வினைவடிவம் ஒன்றோடு ஒலியொத்திருந்தமையால் தத்தூரா எனத் தப்பியது. மாவுக்கு அவர் இட்ட பெயர் மாங்கிபெரா. மாங்காய் தாங்குவது என்பது அதன் பொருள். முதற்பாதி இத்தென்னாட்டு மாங்காய், போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்றது, பின்பாதி இலத்தீனம். உலகெங்கும் மாங்காயைத் தின்று அப்பெயரையும் பழகிவிட்ட ஐரோப்பியரிடமிருந்து அதைப் பிடுங்க அவராலும் இயலவில்லை. காந்தளைத் தின்பார் இல்லை. ஆகவே அதன் பெயரைக் காப்பாரும் இல்லாது போயினர்.

முருங்கையின் கதை இதற்கு நேர்மாறானது. 1753-இல் இலினேயசு அதைக் குயிலாண்டினா என்னும் பேரினத்துள் அடைத்தார். அப்பேரினப் பெயர் பிரசியநாட்டு அறிஞர் ஒருவர் நினைவாக இட்டது. மோரிங்கா என்பது அதன்கீழ் இனப்பெயராய் ஒடுங்கிக் கிடந்தது. பத்தாண்டு கழித்து, 1763-இல், பிரான்சியரான மிசேல் ஆதன்சன் மோரிங்காவைத் தனிப் பேரினமாக உயர்த்தினார். ஆப்பிரிக்கச் செனகலில் சில ஆண்டு வாழ்ந்து திரும்பிய அவர், அவ்வந்நாட்டார் இட்ட பெயரே செடிக்கு உரியது என்னுங் கொள்கையர். அதற்காக எள்ளி நகையாடவும்பட்டார். ஆயினும் மோரிங்கா வென்றது. பின்னர் அதன் பெயராலேயே முருங்கைக் குடும்பமும் அமைந்தது. மேலைக்கடற்கரை மணில்காராவும் ஆதன்சன் நிலைநிறுத்திய பேரினமே. பின்னர் 1811-இல் ஏலத்துக்கு எலெத்தாரியா என்றும், 1834-இல் கண்டலுக்குக் காண்டெலியா என்றும் பேரினப் பெயர்கள் அமைந்தன. காண்டெலியாவை நிறுவிய இருவருள் ஒருவரான இராபர்ட் வைட் சென்னை மாநிலத்தில் மருத்துவராய் வாழ்ந்தவர். இப்பெயர்களால் அறிவியல் கெட்டதென்று எவரேனும் சொன்னதுண்டா?

மெத்தோனிக்கா மீளவில்லை. இலினேயசுக்குப் பின்னும் ஐரோப்பிய அறிஞர் சிலர் அதையே ஆண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் கண்டறிந்த காந்தள்களுக்குங்கூட அப்பெயர் இடப்பட்டது. எனினும் செடிப்பெயர்களுக்கு முதன்மைக் கணக்கு 1753-ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்தே தொடங்குமென்று அனைத்துலக நெறித்தொகுப்பு வரையறுத்துவிட்டதால், 1687-இன் மூப்பு செல்லாதாயிற்று. அத்தொகுப்பே இன்று, பேரினப் பெயர் எம்மூலத்திலிருந்தும் எடுக்கப்படலாம் என்கிறது. அதற்கு அது காட்டும் எடுத்துக்காட்டுப் பட்டியலில் குளோரியோசாவும், அமெரிக்கப் பழங்குடிச் சொல்லான மரவள்ளியின் மானிகோத்தும் ஒருங்கே நிற்கின்றன. இலினேயசின் தூய்மைநெறி உலகளவில் கைவிடப்பட்டது. அந்நெறி பறித்த பெயர்மட்டும் திரும்பவில்லை.

பெயர் நிலைத்தாலும் வகைப்பாடு நிலைக்கவில்லை. லில்லிக் குடும்பத்துள் நெடுங்காலம் கிடந்த காந்தள், இன்று கொல்சிக்கேசி என்னும் குடும்பத்துள் வைக்கப்படுகிறது. விதையிலும் கிழங்கிலும் உள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு அக்குடும்பத்தின் அடையாளங்களுள் ஒன்று. கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்ட உழவர் இதைப் பயிரிட்டு விதை விற்பதும் அந்நஞ்சு மூட்டுநோய்க்கு மருந்தாவதால்தான். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாகப் பத்துப் பன்னிரண்டு இனங்கள் இப்பேரினத்தில் இன்று கணக்கிடப்படுகின்றன. நிறத்தையும் இதழ்நெளிவையும் பார்த்து முன்னோர் வேறுவேறாகப் பெயரிட்ட பல, இன்று செங்காந்தளுள்ளேயே அடங்கிவிட்டன. தப்ளின் பேராசிரியர் ஒருவர் நினைவாக 1853-இல் அமைந்த இலிட்டோனியா என்னும் பேரினமோ, மரபணு ஆய்வின் பயனாக 2007-இல் குளோரியோசாவுள் கரைக்கப்பட்டது. ஆளின் பெயர் அழிந்தும் செடி அழியவில்லை.

இனித் தமிழ்நூல் எழுதுவோர் செய்வதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாநில மலரே செங்காந்தள். அதைத் தலைப்பிற் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலிருந்து குளோரியோசா குளோரியோசா என்றே எழுதிச் செல்வோர் பலர். பேரினத்தைச் சுட்டத் தமிழில் சொல்லில்லை என்பது அவர் எண்ணம். உலக வழக்குக்குரிய இலத்தீனப் பெயரை மாற்றவேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. அஃது ஆய்வாளர் ஒருவர்க்கொருவர் செடியை அடையாளங் காட்ட ஒருமுறை குறித்தாற் போதும். ஆங்கிலத்தார் தம் நூலில் அப்படித்தான் செய்கின்றனர். ஒருமுறை இலத்தீனத்தைக் குறித்துவிட்டு, பின்னர்த் தழல்லில்லி என்று தம் மொழியிலேயே எழுதுகின்றனர். இலினேயசு தம் அறிவுமொழிக்குக் காட்டிய மானத்தில் பிழையொன்றுமில்லை. அம்மானத்தைப் பிறர் மொழிமேல் ஆணையாக ஏவியதே பிழை. தமிழ்நூலுள் தமிழ்ப்பெயர் வேண்டுவார் யார் மொழிமேலும் ஆணை ஏவவில்லை.

பேரினத்துக்குக் காந்தள் என்பதே போதும். குடும்பத்தைக் காந்தட் குடும்பம் எனலாம். செங்காந்தள் தனக்குரிய பெயருடன் நிற்கிறது. இலினேயசு 1767-இல் குளோரியோசா சிம்பிளெக்சு என்று பெயரிட்ட ஆப்பிரிக்கச் செடியை எளிகாந்தள் எனலாம். கோடல் என்பதை வெளிநாட்டு இனம் எதற்கும் வாரி வழங்காது, பண்டையோர் கண்ட வெண்காந்தளுக்கே வைத்துக் காத்தல் நன்று. இலிட்டோனியாவிலிருந்து வந்து சேர்ந்த தென்னாப்பிரிக்க இனத்துக்கு அறிவியலார் வைத்த இனப்பெயர் மொடெசுத்தா, அடக்கமுடையது என்பது பொருள்; செம்மாந்த அக்கைக்கு அடங்கிய தங்கை போலும்! அதன் பூ இதழ் மடியாது, பொன்மஞ்சள் நிறத்தில் சிறுமணிபோல் தலைகவிழ்ந்து தொங்கும். அதனை மணிக்காந்தள் என்க.