மழையில் வேடந்தாங்கல்

பறவை காண வெயில் நாளே உகந்ததென்று நானும் எண்ணியிருந்தேன். கார்த்திகை அடைமழையொன்றில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அகப்பட்டுக்கொண்டபோதுதான் அவ்வெண்ணம் மாறிற்று. குடை காற்றில் மடங்கியது. தொலைநோக்கியின் கண்ணாடியெங்கும் நீர். நீர் நடுவே நின்ற கடப்ப மரத்திலோ, நத்தைகுத்தி நாரையொன்று கூட்டின்மீது சிறகை விரித்துக் கூரையாய் நின்றது.

மழை அவற்றுக்குப் பகையன்று. ஏரி நிரம்பி மரங்களை நீர் சூழ்ந்தால்தான் கூடுகளுக்குக் காவல். பருவமழை பொய்த்த ஆண்டில் பறவைகள் பெரும்பாலும் வருவதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும். இதனையறிந்த அவ்வூர் உழவர், 1798-லேயே கும்பெனியாரின் கலெக்டரிடம் வேட்டைக்கெதிராக ஆணை பெற்றனர் என்பர்.

நான் நடுங்குவதைக் கண்ட முதியவர் ஒருவர், தம் தலைக்கோணியை இழுத்துவிட்டுக்கொண்டு, “இன்னும் ரெண்டு நாள் பெய்யணும் ஐயா” என்றார்.